அத்திமரப் பந்தி

“தள்ளி ஒக்காரு புள்ள. அவளுக்கும் கை போகணும்ல?” என்று அதட்டிக்கொண்டே நர்கீஸ் அக்கா ஒரு நீல டிரம்மை முழங்காலால் நெட்டுகிறார். டிரம் அரைச் சாண் நகர்கிறது. இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். திருப்தி இல்லை. திரும்ப வந்து கால் சாண் இழுக்கிறார். டிரம்முக்குள் நிற்பது ஓர் அத்திமரம். அதற்குப் பதில் பேச வாய் இல்லை என்பதை அக்கா ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதே இல்லை.

பேகம்பூரில் காலை ஆறரை மணிக்குத் துணி காயப்போட மாடி ஏறினால் இதுதான் நடந்துகொண்டிருக்கும். எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். நானாக அந்தப் பக்கம் பேச்சுக் கொடுப்பது அபூர்வம். ஆனால் ஒரு பாவாடையை உதறிக் காயப்போட எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. உயரம் குறைவு, குரல் அதிகம். மாடிக்கு வந்ததும் துப்பட்டாவின் இரண்டு முனைகளையும் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்வார். காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதை வைத்து அவர் ஒரு எழுத்து எழுதி நான் பார்த்ததில்லை. டிரம்மில் ஈரம் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று குத்திப் பார்ப்பதற்குத்தான் அது. குத்தி எடுத்து, ஒட்டிய மண்ணைப் பார்த்து, “நேத்துக் குடிச்சதே வயித்துல நிக்குது, இன்னிக்கு ஒனக்குத் தண்ணி கெடையாது போ” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்.

மொத்தம் நாற்பது டிரம். நான்கு நான்காகப் பத்து வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு மண்பானை. பானையின் அடியில் நாலு ஓட்டை. ஓட்டைக்கு ஒன்றாக நாலு பாவாடை நாடா வெளியே தொங்கும். பானையை நிரப்பிவிட்டால் நாடா வழியாகச் சொட்டுச் சொட்டாக நாலு டிரம்முக்கும் தண்ணீர் இறங்கும். தண்ணீர் வேண்டாத மரத்தின் நாடாவை மட்டும் எடுத்துப் பானையின் கழுத்தில் சுற்றி வைப்பார். இந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சஹன்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் இன்னும் சஹன் சாப்பாடு உண்டு. விரிப்பில் நாலு பேர் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஒரே பெரிய தட்டில் பிரியாணி குவித்து வரும். அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். அந்தத் தட்டுதான் சஹன். பெண்கள் பந்தியில் யாரை யாரோடு உட்காரவைப்பது என்பது நர்கீஸ் அக்காவின் பொறுப்பு. யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. மண்டபத்தின் உள்வாசலில் அவர் நின்றால் போதும், வருகிறவர்கள் அவர் கை காட்டிய பக்கம் நடக்கிறார்கள். புர்கா போட்டு முகம் மூடி வந்தாலும் செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். “வா ஜன்னத்து, கால் வீக்கம் வடிஞ்சிருச்சா?” என்று அவர் கேட்கும்போது ஜன்னத்து இன்னும் முகத்திரையை விலக்கியிருக்க மாட்டார்.

“பெரிய கைக்காரிக ரெண்டு பேர ஒரே சஹன்ல போட்டா, மத்த ரெண்டு பேரும் வெங்காயத்தத் தின்னுட்டு எந்திரிக்க வேண்டியதுதான்” என்பார். “ஓயாமப் பேசுறவளுக்கு எதுக்க காது கேக்காதவள வையி. சண்டக்காரிகள அடுத்தடுத்த சஹன்ல முதுகு காட்டி ஒக்கார வச்சிரணும். மூஞ்சி பாக்க வேணாம். ஆனா அவ என்ன பேசுறான்னு இவளுக்குக் கேக்கணும். இல்லாட்டி சாப்பாடு எறங்காது.”

மாடியிலும் இதே சட்டம்தான். தண்ணீரை மடமடவென்று இழுக்கும் மரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சமாகக் குடிக்கும் மரம். மூன்று மணி வெயிலைத் தாங்கும் கெட்டிக்காரிகள் மேற்குச் சுவரோரம். நோஞ்சான்கள் நாலும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில். அதற்குக் ‘கர்ப்பிணிக சஹன்’ என்று பெயர். மாதம் ஒருமுறை யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து இடம் மாற்றுவார். அன்றைக்கு மாடியில் டிரம் உருளும் சத்தம் கேட்டால் கீழே அஸ்பாக் அண்ணன் கட்டிலை நடுவீட்டிலிருந்து ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அஸ்பாக் அண்ணன் அக்காவின் கணவர். தோல் சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் வேலை. டீ டம்ளரோடு மாடிக்கு வந்து, ஒரு ஓரமாக நின்று குடித்துவிட்டு இறங்கிவிடுவார். “அவர எந்த சஹன்ல வச்சாலும் பிரச்சன இல்ல. வெறும் எலும்பா வந்தாலும் சாப்டுட்டு எந்திரிச்சிருவாரு” என்று அவர் காதுபடவே அக்கா சொல்வார். அண்ணன் டம்ளருக்குள் சிரித்துக்கொள்வார்.

டிரம்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நீலம். மாம்பழக் கூழ் கம்பெனியில் கழித்துப் போட்டதை வாங்கிக் குறுக்கே பாதியாக அறுத்தவை. அண்ணனின் தங்கை நஸீரா ஒரு தடவை பூப்போட்ட பீங்கான் தொட்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். அக்கா வாங்கி வைத்துக்கொண்டு அதில் கொத்தமல்லி போட்டுவிட்டார். “பந்தில ஒருத்திக்குப் பீங்கான், ஒருத்திக்குப் பிளாஸ்டிக்கா? பாக்கிறவுக என்ன நெனப்பாக?” மரங்களையும் இடுப்பளவில் ஒரே உயரமாக வெட்டி நிறுத்துவார். எல்லாருக்கும் ஒரே கிராப்பு.

“ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர எழுதி ஒட்டலாம்ல மதினி?” என்று நஸீரா கேட்டபோதும் இதே கதைதான். “பேரெழுதி ஒட்டுறது ஆஸ்பத்திரில. எவ எங்க ஒக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியாதா?”

தெரியும்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மூன்றாம் சஹனில் கிழக்கே பார்த்தவள் போன வருடம் பதினேழு பழம் கொடுத்தாள். ஏழாம் சஹனில் வடக்கே இருப்பவளுக்கு இலையில் துரு விழும். வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும். ஒன்பதாம் சஹனில் ஒருத்தி காய்த்துவிட்டு உதிர்ப்பாள், “கல்யாணத்துக்கு வந்துட்டு மொய் எழுதாமப் போற மாதிரி”.

கறி கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள் எல்லாம் மாடிக்குப் போய்விடும். கறித் தண்ணீர் ஊற்றும் வெள்ளிக்கிழமைகளில் பேகம்பூர்க் காக்கை முழுவதும் அங்கேதான். பழம் கனியத் தொடங்கினால் அதற்கு ஒவ்வொன்றாகச் சாக்ஸ் மாட்டிவிடுவார். தெருவில் எந்த வீட்டில் பள்ளிக்கூடச் சாக்ஸ் ஒற்றையாகிப் போனாலும் அக்காவிடம் வந்து சேர்ந்துவிடும். வெள்ளை, கறுநீலம், மரக்கலர் என்று ஒவ்வொரு கிளையிலும் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பள்ளிக்கூடமே தலைகீழாகத் தொங்குவதுபோல இருக்கும். கொண்டைக் குருவிகள் முதல் இரண்டு நாள் மிரண்டு, மூன்றாம் நாள் சாக்ஸின் மேலேயே உட்கார்ந்து கத்தும்.

நாற்பதில் முப்பத்தொன்பது மரங்கள் நர்சரியில் பூனா அத்தி என்று சொல்லிக் கொடுத்தவையும், அவற்றின் குச்சியில் வளர்ந்தவையும். நாற்பதாவது மட்டும் வேறு. ஐந்து வருடத்துக்கு முன்னால் சிறுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி பார்க்கப் போனார் அக்கா. அங்கே ஒரு காப்பித் தோட்டக் காவலாளியின் மனைவி, தன் வீட்டுப் பின்னால் இருந்த அத்தியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக் கையில் கொடுத்தாராம். வாழைமட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டு வளைவும் பஸ்ஸில் இறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்தவர் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். “அவளப் பிடிக்கவா, குச்சியப் பிடிக்கவா? குச்சியத்தான் பிடிச்சேன். அவ சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டா.”

அந்தக் குச்சி இரண்டு வருடம் முறுக்கிக்கொண்டு நின்றது. மூன்றாம் வருடம் ஒரே ஒரு பழம். அதைப் பிட்டு வாயில் போட்டதும் அக்கா வெறுந்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வருடம் எனக்கும் சுவரைத் தாண்டி ஒரு கீற்றுக் கொடுத்தார். மற்ற மரத்துப் பழம் இனிக்கும், அவ்வளவுதான். இது முதலில் இனித்தது. பிறகு லேசாகப் புளித்தது. விழுங்கிய பிறகு ஏலக்காய் மென்றதுபோல ஒரு வாசனை தொண்டையில் நின்றது. இலையைப் பார்த்தாலோ பழத்தை வெட்டிப் பார்த்தாலோ மற்றதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. நாக்குக்குத்தான் தெரியும். அந்த மரத்துக்குச் சிறுமலைக்காரி என்று பெயர். மூன்று தடவை அதில் குச்சி வெட்டி வைத்துப் பார்த்தார். மூன்றும் அழுகிவிட்டன. ஆக, உலகத்தில் அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு சிறுமலைக்காரிதான்.

இந்த வருடம் தை மாதத்தில் அக்கா வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. தாடிக்கொம்பிலிருந்து கொத்தனார் மலைச்சாமி வந்து மாடியைச் சுற்றிப் பார்த்தார். நடந்து பார்த்தார். ஒரு டிரம்மை அசைத்துப் பார்த்தார்.

“பாயம்மா, ஒரு டிரம்மு மண்ணும் தண்ணியுமா நாப்பது கிலோ நிக்கும். நாப்பது டிரம்மு. லோடு ஏத்துன லாரி ஒண்ண மாடில நிப்பாட்டி வச்சிருக்கீக. நான் ஓடு பதிச்சுக் குடுத்துர்றேன். ஆனா பாதிதான் திரும்ப மேல வரணும். மீதிய எறக்கி விட்ருங்க.”

“பாதின்னா?”

“பாதின்னா பாதிதான். இருவது.”

“இருவத்தஞ்சு வருசமா பந்தி பாக்கறேன் தம்பி. ஒக்காந்த ஆள எந்திரின்னு நான் இதுவரைக்கும் சொன்னதில்ல.”

“நீங்க சொல்லாட்டி கூரை சொல்லிரும் பாயம்மா” என்றார் மலைச்சாமி.

அதற்கப்புறம் ஒரு வாரம் காலையில் இதே வேலைதான். அக்கா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு சஹனாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சஹனையும் முழுசாக எழுப்பக் கூடாது, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் போக வேண்டும், இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். யார் யார் என்பதை மனசிலேயே குறித்துக்கொண்டார். போகிற இருபதுக்கும் வீடு தேடினார். கேட்ட எல்லாருக்கும் கொடுத்துவிடவில்லை. அந்த வீட்டு மாடிக்கு ஏறி வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து, பெண் கொடுக்கிறவர்போல இரண்டு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். புரோட்டாக் கடை பெருமாள்சாமிக்கு ஒன்று. டீச்சர் ஒருவருக்கு இரண்டு. நஸீராவுக்கு இரண்டு. சிறுமலைக்காரி போகிறவர் பட்டியலில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாடிப்படி குறுகல். கிளை உரசி ஒடியாமல் இருக்க அக்காவே எல்லா மரத்தையும் வெட்டிக் குறைத்து, இலைகளை உருவிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது நாற்பது மொட்டைக் குச்சிகள் நின்றன. “கொஞ்சம் கூச்சப்படுறாளுக. ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதுரை ரோட்டு மண்டபத்தில் ஒரு நிக்காஹ். அக்கா பந்தி பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுவதாகவும், வந்த பிறகு ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல இறக்குவதாகவும் பேச்சு. மலைச்சாமிக்கு மூன்று மணிக்கு வேறு இடத்தில் கான்கிரீட் வேலை வந்துவிட்டது. அவருடைய ஆட்கள் காலை பத்து மணிக்கே வந்து, பன்னிரண்டு மணிக்குள் நாற்பது டிரம்மையும் சந்துக்கு இறக்கிவிட்டார்கள்.

அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கியபோது சந்தின் இரண்டு பக்கமும் நாற்பது நீல டிரம்கள், நாற்பது மொட்டைக் குச்சிகள், நூல் பிடித்தாற்போல நின்றன.

“நல்லா வரிசையா வச்சிருக்கோம் பாயம்மா. ஸ்கூல் பிள்ளைக பிரேயருக்கு நிக்கிற மாதிரி” என்றார் மலைச்சாமி, பெருமையாக.

அக்கா ஒரு தடவை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடந்தார். திரும்பி நடந்தார். ஒரு டிரம்முக்கு முன் நின்று, “இவ ரெண்டாஞ் சஹன்ல…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். எங்கே குத்துவது என்று தெரியவில்லை. திரும்பவும் காதில் செருகினார். செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்கிறவருக்கு முன்னால் செருப்பில்லாத நாற்பது பேர் நின்றார்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியும். எழுந்து நின்றவர்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மரம் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துவிட்டார்கள். சந்தின் முனையில் தண்ணீர் லாரி ஒன்று நுழைய முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல மதினி, பேரெழுதி ஒட்டுங்கன்னு” என்றார் நஸீரா.

“நீ மொதல்ல ஒன் வீட்டு உப்பு டப்பால பேர ஒட்டு. சக்கரைன்னு நெனச்சு எனக்கு டீ போட்டுக் குடுத்தவதான நீயி?”

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அந்த நேரம் ஒச்சம்மாள் வந்து சேர்ந்தார். மண்டபத்தில் சஹன் தட்டுகளைக் கழுவுகிறவர் அவர். பந்தி முடிந்து, பாத்திரம் முடிந்து, எல்லாரும் போன பிறகு சமையல்கட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அக்கா மண்டபத்தில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க, வெயிலில் நடந்தே வந்திருந்தார்.

“அதான பாத்தேன்! கண்ணாடி இல்லாம எப்படித் தெரியும்? போட்டுப் பாருங்க அக்கா” என்றார் பெருமாள்சாமி. எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்பதையும் பார்த்தார். கழற்றினார்.

“இப்ப ரொம்பத் தெளிவா ஒரே மாதிரித் தெரியுது” என்றார்.

தண்ணீர் லாரி விடாமல் அடித்தது. அக்கா துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டார். “சரி. பந்தி கலஞ்சிருச்சு. இனி புதுசாத்தான் ஒக்காரணும்” என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கை காட்டினார். ஒன்று இங்கே, ஒன்று வெளியே. இங்கே என்றதை மலைச்சாமியின் ஆட்கள் வீட்டு முற்றத்துக்குள் தள்ளினார்கள். எல்லாம் பிரித்து முடிந்ததும் சந்தின் நடுவில் நின்று உரக்கச் சொன்னார்.

“ஒரே ஒரு பேச்சு. சிறுமலைக்காரி யார் வீட்டுக்குப் போறான்னு எனக்குத் தெரியாது. காய்ச்சதும் மொதப் பழத்த எங்கிட்டக் கொண்டு வரணும். அவதான்னு தெரிஞ்சா எனக்குத் திருப்பிக் குடுத்துரணும். பதிலுக்கு எம் மாடில இருந்து எவள வேணாலும் தூக்கிட்டுப் போங்க. சம்மதமா?”

எல்லாரும் சம்மதம் என்றார்கள். கடைசியில் ஒரு டிரம் மிஞ்சியது. இரண்டு கேட்டிருந்த நஸீரா ஒன்றோடு நின்றுகொண்டார்; தன் வீட்டுக் கூரைமேலும் அவருக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது.

“ஒச்சம்மா, நீ எடுத்துட்டுப் போடி.”

“நானா? எங்க வீட்ல ஆளுக நிக்கவே எடமில்ல நர்கீஸ்ம்மா. இது எங்க நிக்கும்?”

“நீ நிக்கிற எடத்துல இவள நிறுத்து. நீ போயி ஒக்காரு.”

ஒச்சம்மாள் அந்த டிரம்மை விளிம்பில் சாய்த்து, வண்டிச் சக்கரம்போல உருட்டிக்கொண்டே தெரு முனைவரை போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். குச்சி அவர் தோளில் தட்டிக்கொண்டே போனது.

மாடியில் ஓடு பதித்து முடிந்து, இருபதும் ஐந்து சஹனாக மேலே ஏறின. பங்குனியில் இலை விட்டு, வைகாசியில் பழுக்கத் தொடங்கின. அக்கா ஒவ்வொரு மரத்திலும் முதல் பழத்தைப் பறித்துக் கடித்தார். கடித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். “இல்ல.” அடுத்தது. “இல்ல.” இருபதாவதையும் கடித்துப் பார்த்த அன்றைக்குக் காலை டீயை அஸ்பாக் அண்ணன்தான் போட்டார்.

இதற்கிடையில் நஸீரா ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தார். பெயர், ‘சிறுமலைக்காரி எங்கே’. தினமும் காயின் படம் வரும். “எங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் களை இருக்கு” என்று டீச்சர் எழுதுவார். “களை இல்ல, வெள்ளைப் பூச்சி” என்று அக்கா குரல் பதிவு அனுப்புவார். பிறகு ஒவ்வொருவராகப் பழத்தோடு மாடி ஏறத் தொடங்கினார்கள். பெருமாள்சாமி வாழையிலையில் வைத்து, சால்னா வாசனையோடு கொண்டுவந்தார். அக்கா ஒரு கடி கடிப்பார். மீதியைச் சுவர்மேல் வைப்பார். “பூனாக்காரி. நீங்களே வச்சுக்கங்க.” சுவர்மேல் ஓர் அணில் தினமும் அந்த நேரத்துக்கு வந்து உட்காரப் பழகிவிட்டது. பழம் கொண்டுவந்தவர்களைவிட அதுதான் முதலில் வரும்.

பதினெட்டு மரம் இப்படி முடிந்தது. மிச்சம் நஸீரா வீட்டில் ஒன்று, ஒச்சம்மாள் வீட்டில் ஒன்று. நஸீராவிடம்தான் இருக்கும் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. அவர் மரத்தில் ஐந்தாறு காய் இருந்தது. ஒன்றும் இன்னும் பழுக்கவில்லை. பதிலுக்கு எந்த மரத்தைக் கேட்பது என்று நஸீரா இரண்டு தடவை வந்து மாடியைப் பார்த்துவிட்டும் போனார்.

போன புதன்கிழமை காலை ஒச்சம்மாள் வந்தார். அந்த மாடிக்கு அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதன் வாயை மூடி ஓர் அத்தி இலை. ஏறிய மூச்சு அடங்காமலே பேசினார்.

“வாசப்படில நிறுத்தி, கம்பில கயித்தக் கட்டி வச்சிருக்கேன் நர்கீஸ்ம்மா. மண்டபத்து டீத்தூள், வாழைப்பழத் தோலு எல்லாம் இவளுக்குத்தான். ஒண்ணே ஒண்ணுதான் பழுத்துச்சு. இன்னும் மூணு காய் நிக்குது. தண்ணி பிடிக்க வர்ற பொம்பளைக எல்லாம் இப்ப எங்க வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போறாளுக. முன்னல்லாம் ஒருத்தியும் நிக்க மாட்டா.”

“நீ தின்னு பாத்தியா?”

“ஒங்கள்ட்டக் காட்டாம எப்படித் திங்கிறது? பேச்சுன்னா பேச்சு.” டம்ளரை நீட்டினார். நீட்டிவிட்டு, கை காலியானதும் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “அவதான்னா சொல்லிருங்க. சாயங்காலமே உருட்டிட்டு வந்துர்றேன். பதிலுக்கு வேற எதுவும் வேணாம் எனக்கு. இவ கூடத்தான் பழகிட்டேன்.”

அக்கா பழத்தை எடுத்து இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவது நின்றது. என் கையில் இருந்த தலையணை உறை அப்படியே நின்றது. ஒச்சம்மாள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் டிரம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லடி” என்றார் அக்கா. “பூனாக்காரி.”

“நெசமாவா?”

“பின்ன? அவ நஸீரா வீட்லதான் இருப்பா. நீ போ. கறி கழுவுன தண்ணி வேணும்னா வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்க. பாத்திரம் கழுவுன சோப்புத் தண்ணிய மட்டும் ஊத்தித் தொலச்சிராத.”

ஒச்சம்மாள் டம்ளரைக்கூட வாங்காமல் இறங்கினார். அவர் இரண்டிரண்டு படியாக இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

அணில் சுவர்மேல் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. அக்கா அதற்கும் எனக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். மீதிப் பாதியை வாயில் போட்டு, காம்பையும் விடாமல் நிதானமாக மென்றார். பிறகு கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகச் சப்பினார்.